பழைய கணினிக்கு ஒரு பழைய அட்டை

சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் முகப்பில் நிற்கும் தூண்கள் அந்தக் கோயிலுக்கென்று செதுக்கியவை அல்ல. குடுமியான்மலையில் இடிந்து கிடந்த ஒரு மண்டபத்திலிருந்து சமஸ்தான காலத்தில் கொண்டுவந்து நிறுத்தியவை. அதற்கு முன்பு அங்கே வேறொரு முகமண்டபம் இருந்தது. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து, முன்னால் முகமண்டபமும் எடுத்தார் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. அவர் கட்டியது காலப்போக்கில் விழுந்துவிட்டது. உள்ளே இருந்த தாமரைக் குளத்து ஓவியத்துக்கு வெயிலும் சாரலும் படாமல் ஒரு மறைப்பு வேண்டியிருந்தது. பக்கத்து ஊரில் சும்மா கிடந்த தூண்கள் கைகொடுத்தன.

அந்த ஓவியத்தின் பெருமையை 1920 வாக்கில் வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அவர் பெயர் பழக்கமானது. ஓய்வு பெற்றபின் மனைவியின் ஊர்ப்பக்கமான அன்னவாசலுக்கு நான் குடிவந்தபோது, அந்தப் பெயர் எனக்கு முன்பே இங்கு வந்து காத்திருந்ததுபோல் தோன்றியது. ஆனால் இன்று நான் எழுத வந்தது ஓவியத்தைப் பற்றி அல்ல. கணினியின் திரையில் படம் வரையும் ஓர் அட்டையைப் பற்றி. கிராபிக்ஸ் கார்டு என்பார்கள்.

கணினிக்கு பிரெஞ்சில் ஒர்தினத்தேர் என்று பெயர். 1955இல் ஐபிஎம்மின் பிரெஞ்சுக் கிளை கேட்டுக்கொண்டதால், ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் கொடுத்த சொல் அது. உலகத்தை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறிக்க முன்பு வழங்கிய சொல்லாம். கோப்புகளுக்கு நடுவே முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிய என் போன்ற எழுத்தருக்கு, ஒழுங்குபடுத்துவது என்றால் என்ன என்று தெரியும். அதனால் அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும்.

1981இல் ஐபிஎம் மேசைக் கணினி வந்தபோது அலுவலக வேலைக்கென்று கொடுத்த திரை அட்டையால் படமே வரைய முடியாது. வரிசைக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரிசை. அந்த எழுத்துகளின் வடிவமும் அட்டையிலுள்ள ஒரு சில்லில் முன்கூட்டியே பொறித்து வைத்தவை. ஆங்கிலத்துக்கு அது போதும். கொம்பும் காலும் சுழியும் உள்ள நம் எழுத்துக்கு அதில் இடமில்லை.

இதற்கு வழி செய்தவர்களில் ஒருவர் நம்மைப்போலவே சுழி எழுத்துக்காரர். தாய்லாந்திலிருந்து அமெரிக்கா போய்ப் படித்த வான் சுவன்னுகுல் என்பவர், தம் ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் அடிக்க விரும்பினார். ஐபிஎம் அட்டை இடம் தரவில்லை. அவரே ஓர் அட்டையைச் செய்தார். 1982இல் வந்த அந்த ஹெர்குலிஸ் அட்டை, குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 348 புள்ளி என்று ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே ஏற்றவும் அணைக்கவும் விட்டது. புள்ளி கைக்கு வந்துவிட்டால் கோலம் போடலாம், எழுத்தும் போடலாம். அட்டை உலகெங்கும் விற்றது. தாய்மொழியில் எழுதவேண்டும் என்று ஒருவர் பிடித்த பிடிவாதத்தில் பிறந்தது அது.

நம் நாட்டிலும் அதே தேவைக்கு ஓர் அட்டையே வந்தது. கான்பூர் ஐஐடியில் தொடங்கி, பின்னர் புணேயில் சி-டாக் நிறுவனம் வளர்த்தெடுத்த ஜிஸ்ட் அட்டை. கணினியைத் திறந்து அதைச் சொருகினால், கறுப்புத் திரையில் தமிழும் இந்தியும் தெலுங்கும் வரும். இன்று செல்போனில் விரலால் தடவியே தமிழ் எழுதும் பிள்ளைகளுக்கு, தமிழுக்கென்று தனியாக ஓர் அட்டை இருந்தது என்றால் சிரிப்பு வரும். தட்டச்சுப் பொறியில் கார்பன் தாள் வைத்து அடித்துப் பழகிய நமக்கு அன்று அது கண்கட்டு வித்தை.

பிறகு விண்டோஸ் வந்தது. எழுத்து வரையும் வேலையை மென்பொருளே எடுத்துக்கொண்டதால் தனி அட்டை தேவைப்படவில்லை. ஆனால் வேறொரு வம்பு வந்தது. ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி எழுத்தை அடுக்கியது. ஒரு மென்பொருளில் அடித்த கடிதம் அடுத்ததில் திறந்தால் பூச்சி பறந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு ஒரு பொது விசைப்பலகையையும், டாம், டாப் என்ற இரு குறியீட்டு முறைகளையும் தந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பு அடித்ததெல்லாம் பழைய எழுத்திலேயே தங்கிவிட்டது.

என்னுடையதும் அப்படித்தான் தங்கியிருந்தது. 2002இல் வாங்கிய பென்டியம் 4 கணினி. அதில் சுமார் நானூறு பக்கம் குறிப்புகள். இந்த வட்டாரத்துப் பெரியவர்களிடம் கேட்டு எழுதியவை. எந்தக் கண்மாயில் யாருக்கு முறைத் தண்ணீர், சமஸ்தான காலத்தில் தீர்வை எப்படிக் கட்டினார்கள், ஏழடிப்பட்டத்துக்கு ஆடு மேய்க்கப் போனவர்கள் அந்தக் கற்படுக்கைகளைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டார்கள் என்று பலதும் அதில் உண்டு. சொன்னவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை. மற்றவர்களில் சிலருக்கு நினைவு இல்லை.

சென்ற ஆண்டு கார்த்திகையில் திரையில் கோடுகள் விழ ஆரம்பித்தன. முதலில் பச்சைப் புள்ளிகள், பிறகு சதுரம் சதுரமாகச் சிதறல். திரையைக் கழற்றிப் பேரனின் மடிக்கணினியில் மாட்டிப் பார்த்தோம், நன்றாக இருந்தது. கம்பியை மாற்றினோம், பயனில்லை. கணினியை ஏற்றியதும், விண்டோஸ் வருமுன் தோன்றுமே கறுப்புத் திரை, அதிலேயே எழுத்துகள் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக மாறி நின்றன. செல்போன் பழுது பார்க்கும் தம்பி அதைப் பார்த்ததுமே, "ஐயா, இது சாப்ட்வேர் கோளாறு இல்லை. கார்டோட மெமரி போயிடுச்சு" என்றார்.

அட்டையைக் கழற்றியபோது இரண்டு கெபாசிட்டர்கள் தலை உப்பி நின்றன. 2000ஐ ஒட்டிய சில வருஷங்களில் வந்த கெபாசிட்டர்களில் ஏராளமானவற்றில் உள்ளிருக்கும் திரவக் கலவையே சரியில்லாமல் போய், உலகம் முழுவதும் கணினிகள் இப்படி உப்பி விழுந்தது தெரிந்த கதை. தம்பி அவற்றை மாற்றிப் பற்றவைத்துக் கொடுத்தார். கோடுகள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை.

"ஹார்டு டிஸ்கைக் கழற்றிப் புது கம்ப்யூட்டரில் போட்டால் போச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள். கோப்பு வரும், எழுத்து வராது. பழைய எழுத்துருக்கள் பலவற்றுக்கு மாற்றி மென்பொருள்கள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் என் மென்பொருள் தன் கோப்பைத் தான் மட்டுமே திறக்கும் வகை. அது ஓடவேண்டுமானால் பழைய பிரிண்டர் துவாரத்தில் ஒரு பூட்டுக் கட்டை சொருகியிருக்க வேண்டும். புதிய கணினிகளில் அந்தத் துவாரமே கிடையாது. ஆக, அந்த நானூறு பக்கத்தையும் படிக்கக்கூடிய கண் இந்தக் கணினிக்கு மட்டுமே இருந்தது. அந்தக் கண்ணில்தான் புரை விழுந்திருந்தது.

கடையில் புது அட்டை வாங்கலாம் என்றால் அது பொருந்தாது. என் கணினியில் இருப்பது ஏஜிபி துவாரம். 1997 வாக்கில் வந்த முறை. 2004க்குப் பிறகு பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்து அதைத் தள்ளிவிட்டது. ஏஜிபியிலும் 3.3 வோல்ட், 1.5 வோல்ட் என்று இரண்டு வகை உண்டு. மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக அட்டையின் அடிவிளிம்பில் வெட்டு இருக்கும் இடத்தை வேறாக வைத்திருக்கிறார்கள். சென்னையில் இருக்கும் என் தங்கை மகன் ரிச்சி தெருவில் அலைந்தான். "மாமா, இந்த வெட்டுதானா பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பினான். நான்காவது கடையில், பழைய சாமான் குவியலில் ஒன்று கிடைத்தது. விலை 700 ரூபாய். அந்தக் கடைக்காரருக்கு அது கழிவுக்குப் போகவேண்டிய பொருள்.

மாட்டுவது பெரிய வித்தை அல்ல. பழைய அட்டையின் டிரைவரை முதலில் நீக்கிவிட வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, இரும்புக் கூட்டைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். பின்பக்கத் திருகைக் கழற்றி, துவாரத்தின் முனையில் உள்ள கொக்கியை விலக்கி, அட்டையை நேராகத் தூக்க வேண்டும். ஆட்டி இழுக்கக் கூடாது. புதிதாக வந்த அட்டையின் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, சொருகி, கொக்கி சொடுக்கும் சத்தம் கேட்கும்வரை அழுத்தினார் தம்பி. ஏற்றியதும் எழுத்துகள் அதனதன் இடத்தில் வந்து நின்றன.

அன்றிலிருந்து தினமும் பத்துப் பக்கம். திறப்பது, எழுத்தை வெளியே எடுப்பது, யூனிகோடுக்கு மாற்றுவது, ஒற்றெழுத்து விழுந்த இடங்களைத் திருத்துவது, ஒரு படி அச்செடுப்பது. தை பிறப்பதற்குள் முடிந்தது. ஒரு படியைப் பேரன் வைத்திருக்கிறான், ஒன்று பென் டிரைவில் தங்கை வீட்டில் இருக்கிறது. கண்மாய் முறை சொன்ன ஒரு பெரியவரின் பேத்தி வந்து, தாத்தா பேசிய பன்னிரண்டு பக்கத்தை வாங்கிப் போனாள். வாசலிலேயே நின்று இரண்டு பக்கம் வாசித்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினாள்.

இப்போது வரும் வரைகலைச் சில்லுகள் படம் வரைவதோடு நிற்காமல் செயற்கை அறிவுக்கும் உழைக்கின்றன என்கிறார்கள். நல்லது. நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. பரணிலோ மேசைக்கடியிலோ ஒரு பழைய கணினி இருந்தால் இந்த வாரமே ஏற்றிப் பாருங்கள். திரை தெளிவாக இருக்கும்போதே உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடுங்கள். கோடு விழ ஆரம்பித்திருந்தால், தூக்கிப் போடுமுன் ரிச்சி தெருவில் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். பழைய அட்டைகள் இன்னும் கொஞ்சம் அங்கே மிச்சம் இருக்கின்றன.