இத்தாலியில் இடைநிலைப் பள்ளி மொழியாசிரியர் உருவாக்கமும் பல்கலைக்கழகமும் (1859–2023)

முன்னுரை

தாய்மொழியைப் பள்ளியில் கற்பிப்பவருக்கு அம்மொழி இலக்கியத்தில் ஆழ்ந்த புலமை இருந்தால் போதுமா, கற்பிக்கும் முறையையும் அவர் தனியே பயில வேண்டுமா என்னும் வினா மொழிக்கல்வி வரலாற்றில் பழமையானது. இவ்வினாவிற்கு இத்தாலி நாடு ஏறத்தாழ நூற்று அறுபது ஆண்டுகளில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட விடைகளை அளித்துள்ளது. அங்கு இவ்வினா கூடுதல் கூர்மை பெற்றதற்குக் காரணம் உண்டு. ‘தேசிய மொழி’ எனப் பள்ளியில் கற்பிக்கப்பட்ட இத்தாலியம் நெடுங்காலம் பெரும்பாலான மாணவரின் வீட்டு மொழியாக இருக்கவில்லை. எனவே, இத்தாலிய மொழியாசிரியர் இலக்கியம் கற்பிப்பவராக மட்டுமன்றி, மாணவர் வீட்டில் பேசாத ஒரு மொழிக்குள் அவர்களை அழைத்துச் செல்பவராகவும் இருக்க வேண்டியிருந்தது. இவ்விரண்டாம் பணிக்கு அவரைப் பல்கலைக்கழகம் எவ்வாறு ஆயத்தம் செய்தது, எங்குத் தவறியது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

கசாட்டி சட்டமும் மொழிச் சிக்கலும்

1859 நவம்பர் 13ஆம் நாள் சார்டினிய அரசில் இயற்றப்பட்ட கசாட்டி சட்டமே 1861இல் ஒன்றுபட்ட இத்தாலியின் கல்விக்கு அடித்தளமாயிற்று. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இச்சட்டம் தனிப் பயிற்சிப் பள்ளிகளை வகுத்தது. இடைநிலைப் பள்ளி ஆசிரியர்களோ பல்கலைக்கழகப் பட்டத்தின்வழி வருபவர்களாகக் கருதப்பட்டனர். தொடக்கப் பள்ளி ஆசிரியர் ‘பயிற்சி பெற்றவர்’, இடைநிலைப் பள்ளி ஆசிரியர் ‘கற்றறிந்தவர்’ என்ற இப்பாகுபாடு பின்வந்த ஒரு நூற்றாண்டு முழுவதும் தொடர்ந்தது.

1810இல் நெப்போலியனின் ஆணையால் தோற்றுவிக்கப்பட்ட பீசா நகரத்து ‘ஸ்குவோலா நொர்மாலே’, 1862இல் இடைநிலைப் பள்ளி ஆசிரியர்களை உருவாக்கும் நிறுவனமாக மறுசீரமைக்கப்பட்டது. கவிஞர் ஜொசுவே கார்துச்சி இந்நிறுவனத்தில் பயின்று 1856இல் பட்டம் பெற்றவர். சான் மினியாத்தோவில் பள்ளி ஆசிரியராகத் தொடங்கிய அவர், 1860இல் போலோஞ்ஞா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். பள்ளிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் இடையே அந்நாளில் இருந்த வழியை அவர் வாழ்க்கை காட்டுகிறது. எனினும் அவ்வழியில் சென்றவர்களை உயர்த்தியது புலமையே அன்றிக் கற்பித்தல் பயிற்சி அன்று.

இக்காலத்து மொழிச் சூழல் கருதத்தக்கது. 1861இல் மக்கள்தொகையில் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டினரே இத்தாலியம் அறிந்திருந்தனர் என்று மொழியியலறிஞர் தூலியோ தே மௌரோ தம் ‘ஒன்றுபட்ட இத்தாலியின் மொழி வரலாறு’ (1963) நூலில் கணக்கிட்டார். அர்ரிகோ காஸ்தெல்லானி 1982இல் இதனை மறுத்து, ஏறத்தாழப் பத்து விழுக்காட்டை ஒட்டிய மதிப்பீட்டை முன்வைத்தார். எம்மதிப்பீட்டை ஏற்பினும், பத்தில் ஒன்பது பங்கு மக்கள் தத்தம் வட்டார மொழிகளிலேயே வாழ்ந்தனர் என்பது தெளிவாகிறது.

இச்சூழலில் ஆசிரியர் யார் என்பதில் இரு கருத்துகள் மோதின. புதின ஆசிரியர் அலெசாந்த்ரோ மன்சோனி 1868இல் கல்வி அமைச்சர் புரோலியோவுக்கு அளித்த அறிக்கையில், புளோரன்ஸ் நகரப் பேச்சு மொழியையே நாடெங்கும் பரப்ப வேண்டும் என்றார். தொஸ்கானா பகுதி ஆசிரியர்களைப் பிற மாநிலங்களுக்கு அனுப்புவது அவர் கூறிய வழிகளுள் ஒன்று. மொழியியலறிஞர் கிராசியாதியோ அஸ்கோலி 1873இல் தம் ஆய்விதழின் முன்னுரையில் இதனை மறுத்தார். ஒரு நகரத்தின் வழக்கைப் பிறர்மீது ஏற்றுவதால் பொதுமொழி வளராது, அறிவுப் பணியின் பரவலாலேயே அது வளரும் என்பது அவர் வாதம். வட்டார மொழியும் பொதுமொழியும் அறிந்த இருமொழி நிலையை மாணவருக்கு நன்மையாகவே அவர் கண்டார். மன்சோனியின் நோக்கில் ஆசிரியர் சரியான வழக்கின் முன்மாதிரி. அஸ்கோலியின் கருத்தை நீட்டித்தால், ஆசிரியர் இரு மொழிகளையும் ஒப்பிட்டு விளக்கவல்ல மொழியறிவினர் ஆகிறார். பல்கலைக்கழகப் பாடத்திட்டங்கள் இவ்விரண்டாம் ஆசிரியரை உருவாக்க நெடுங்காலம் முயலவில்லை.

ஆசிரியப் பயிற்சிப் பிரிவுகள் (1875–1920)

1875இல் அமைச்சர் ருஜெரோ போங்கி, பல்கலைக்கழக இலக்கிய, அறிவியல் புலங்களுடன் இணைந்த ‘ஸ்குவோலே தி மஜிஸ்தேரோ’ எனப்படும் ஆசிரியப் பயிற்சிப் பிரிவுகளைத் தோற்றுவித்தார். பட்டப் படிப்போடு கற்பித்தல் பயிற்சியையும் அளிப்பது இவற்றின் நோக்கம். ஆனால் பயிற்சி வகுப்புகளை நடத்தியவர்கள் அப்புலத்துப் பேராசிரியர்களே. பள்ளி வகுப்பறையோடு தொடர்பற்ற அவர்களுள் பலர், தம் ஆய்வுத் துறையின் நுட்பங்களையே மீண்டும் கற்பித்தனர் என்ற குறை அக்காலத்திலேயே எழுந்தது.

பெண்களுக்கு வேறொரு வழி திறந்தது. இலக்கிய வரலாற்றாசிரியர் பிரான்செஸ்கோ தெ சாங்திஸ் அமைச்சராக இருந்தபோது 1878இல் இயற்றப்பட்ட சட்டம் உரோம், புளோரன்ஸ் நகரங்களில் மகளிர் உயர் ஆசிரியக் கல்வி நிறுவனங்களுக்கு வழி செய்தது. நாடக ஆசிரியர் லூயிஜி பிராந்தெல்லோ உரோம் நிறுவனத்தில் 1897 முதல் 1922 வரை கற்பித்தார் என்பது குறிப்பிடத்தக்கது. இவ்வகை நிறுவனங்கள் பின்னர் மஜிஸ்தேரோ புலங்களாகப் பல்கலைக்கழகங்களில் இடம்பெற்றன. தொடக்கப் பள்ளி ஆசிரியப் பயிற்சி முடித்தோர் மேற்படிப்புப் பெற்று மொழியாசிரியராக இவை வழி தந்தன. எனினும், இலக்கியப் புலத்தின் மதிப்பு இவற்றிற்குக் கிட்டவில்லை.

‘அறிந்தவன் கற்பிப்பான்’ என்னும் கொள்கை

1920இல் அமைச்சராக இருந்த மெய்யியலறிஞர் பெனெதெத்தோ குரோச்சே ஆசிரியப் பயிற்சிப் பிரிவுகளை நீக்கினார். 1923இல் ஜொவான்னி ஜென்தீலே மேற்கொண்ட கல்விச் சீர்திருத்தம் இப்போக்கை முழுமைப்படுத்தியது. பொருளை உண்மையாக அறிந்தவர் அதனைக் கற்பிக்கவும் அறிவார், கற்பித்தல் முறை அறிவிலிருந்து பிரிக்கத்தக்க தனிக்கலை அன்று என்பது ஜென்தீலேயின் கருத்தியல் மெய்யியலில் ஊன்றிய நம்பிக்கை. இதன்படி, ஆசிரியத் தகுதியைத் தீர்மானிப்பது பயிற்சி அன்று, அரசுத் தேர்வே. 1948இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 33ஆம் பிரிவும் தொழில் தகுதிக்கு அரசுத் தேர்வு வேண்டும் என வரையறுத்தது.

இக்கொள்கையை முற்றிலும் பிழையெனத் தள்ளுதல் பொருந்தாது. இலத்தீனும் இத்தாலிய இலக்கியமும் பயின்று மேற்கல்விக்குச் செல்லும் சிறுதொகையினர்க்கு உரிய பள்ளியில், ஆழ்ந்த புலமையுடைய ஆசிரியரே சிறந்த ஆசிரியராக விளங்கியிருக்கக்கூடும். பள்ளி அனைவர்க்கும் உரியதாக மாறியபோதே இக்கொள்கையின் வரம்பு வெளிப்பட்டது.

பொது நடுநிலைப் பள்ளியும் பார்பியானா மாணவர் கடிதமும்

1962 டிசம்பர் 31ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம், பதினான்கு வயது வரையிலான மாணவர் அனைவர்க்கும் ஒரே நடுநிலைப் பள்ளியை உருவாக்கியது. அதற்குமுன் இலத்தீன் கற்கும் பள்ளி, தொழில்முகப் பள்ளி எனப் பதினொரு வயதிலேயே மாணவர் பிரிக்கப்பட்டனர். புதிய பள்ளிக்குள் வட்டார மொழி மட்டுமே பேசிய உழவர், தொழிலாளர் பிள்ளைகள் நுழைந்தனர். ஆசிரியர் தேவை பெருகியது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த பல்கலைக்கழகக் கல்வியோ தாந்தே, பெத்ரார்க்கா முதலியோரின் இலக்கியத்தை மையமிட்டதாகவே இருந்தது. கட்டுரையில் வட்டார வழக்கை எழுதிய மாணவனுக்குச் சிவப்பு மையால் கோடிடுவதற்கு மேல் என்ன செய்வது என்பதை அக்கல்வி கற்பிக்கவில்லை.

1967இல் வெளிவந்த ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்னும் நூல் இக்குறையைப் பொதுவெளியில் வைத்தது. தொஸ்கானாவின் முஜெல்லோ மலைப்பகுதியிலுள்ள பார்பியானா சிற்றூரில், பாதிரியார் லோரென்சோ மிலானி நடத்திய பள்ளியின் மாணவர்கள் இணைந்து எழுதியது இந்நூல். ஏழைப் பிள்ளைகளைத் தேர்வில் தவறச் செய்து வெளியேற்றும் பள்ளியை இது கடுமையாகச் சாடியது. சமத்துவம் மொழி ஆற்றலிலிருந்தே பிறக்கிறது என்பது மிலானியின் உறுதியான கருத்து. கடிதம் எழுதிய மாணவர்கள் மன்சோனி எந்த மொழியை முன்மாதிரியாகக் கொண்டாரோ அம்மொழி வழங்கிய தொஸ்கானா பகுதியினர் என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவர்களுக்கும் பள்ளி மொழி அந்நியமாக இருந்ததெனின், சிக்கல் வட்டாரம் சார்ந்தது மட்டுமன்று, வர்க்கம் சார்ந்ததும் ஆகும்.

1975இல் ‘ஜிஷெல்’ என்னும் மொழிக்கல்வி ஆய்வுக் குழு, தே மௌரோவின் முதன்மைப் பங்களிப்புடன் ‘மக்களாட்சி மொழிக்கல்விக்கான பத்துக் கருத்துரைகளை’ வெளியிட்டது. மரபுவழி மொழிக் கற்பித்தலின் குறைகளை எடுத்துக்காட்டிய இவ்வறிக்கையின் ஒன்பதாம் கருத்துரை ஆசிரியர்களுக்கான புதிய பாடத்திட்டத்தைப் பற்றியது. மாணவரின் மொழிப் பின்னணியிலிருந்து தொடங்கும் கற்பித்தலுக்கு மொழியியலும் கல்வியியலும் அறிந்த ஆசிரியர் இன்றியமையாதவர் என்பது இதன்வழித் தெளிவாகிறது. அஸ்கோலியின் கருத்தில் உள்ளுறையாக இருந்த ஆசிரியர் நூறாண்டுகளுக்குப் பின் வெளிப்படையாகக் கோரப்பட்டார்.

பல்கலைக்கழகப் பயிற்சியின் மீள்வரவு

1990 நவம்பர் 19ஆம் நாள் இயற்றப்பட்ட 341ஆம் எண் சட்டம், இடைநிலை ஆசிரியர்க்கெனப் பட்டத்திற்குப் பிந்தைய பல்கலைக்கழகச் சிறப்புப் பயிற்சிப் பள்ளிகளை விதித்தது. ‘சிஸ்’ எனச் சுருக்கமாக வழங்கப்பட்ட இவை 1999–2000 கல்வியாண்டில்தான் செயல்படத் தொடங்கின. ஈராண்டுப் படிப்பில் கல்வியியல், பாடப்பொருள் கற்பித்தல், செய்முறைப் பட்டறை, பள்ளியில் நேரடிப் பயிற்சி என நான்கு பகுதிகள் இருந்தன. பயிற்சியை நெறிப்படுத்தப் பணியிலுள்ள பள்ளி ஆசிரியர்கள் பல்கலைக்கழகத்திற்கு வந்தனர். 1875ஆம் ஆண்டு முயற்சியில் இல்லாதிருந்த கூறு இதுவே. இத்தாலிய மொழியாசிரியர் ஒருவர் இலக்கணப் பாடம் ஒன்றை வகுத்து, வகுப்பறையில் நடத்தி, அனுபவமிக்க ஆசிரியருடன் அதனை ஆய்ந்து பார்க்கும் வாய்ப்பு முறையாகக் கிடைத்தது.

இவ்வமைப்பு நிலைக்கவில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டம் இதனை நிறுத்தியது. 2010ஆம் ஆண்டு ஆணை ஓராண்டுப் பயிற்சியை வகுத்தது. 60 கிரெடிட்டுகள் கொண்ட அப்படிப்பில் 475 மணிநேரம் பள்ளிப் பயிற்சிக்கு உரியது. 2012இலும் 2014இலும் தொடங்கிய இரு சுற்றுகளோடு அது முடிந்தது. 2017ஆம் ஆண்டு ஆணை மூன்றாண்டுப் பயிற்சியை முன்மொழிந்தது. அது வேரூன்றுமுன் 2018 டிசம்பரில் நிதிநிலைச் சட்டத்தால் கைவிடப்பட்டது. கல்வியியல் சார்ந்த 24 கிரெடிட்டுகளுடன் போட்டித் தேர்வு எழுதினால் போதும் என்ற நிலை தொடர்ந்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டமும் 2023 ஆகஸ்ட் 4ஆம் நாள் ஆணையும் 60 கிரெடிட் பயிற்சியை மீண்டும் கொணர்ந்தன. அவற்றுள் குறைந்தது 20 பள்ளிப் பயிற்சிக்கு உரியவை.

இதற்கிடையில் மாணவரின் மொழிச் சூழலும் மாறியது. 2015இல் தேசியப் புள்ளியியல் நிறுவனம் மேற்கொண்ட ஆய்வின்படி, வீட்டில் பெரும்பாலும் வட்டார மொழி பேசுவோர் 14.1 விழுக்காட்டினராகக் குறைந்திருந்தனர். மறுபுறம், குடியேறியோர் பிள்ளைகளுக்கு இத்தாலியம் இரண்டாம் மொழி. 2016ஆம் ஆண்டு ஆணை பிறமொழி மாணவர்க்கு இத்தாலியம் கற்பிப்பதைத் தனி ஆசிரியப் பிரிவாக ஏற்றது. வீட்டில் பேசாத மொழியைக் கற்பித்தல் என்னும் பழைய பணி புதிய வடிவில் திரும்பியது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் அறியலாகும் முடிவுகள் வருமாறு:

1. இத்தாலியில் இடைநிலை மொழியாசிரியர் பயிற்சி, புலமையே போதும் என்ற கருத்துக்கும் பயிற்சி வேண்டும் என்ற கருத்துக்கும் இடையே ஊசலாடியுள்ளது. 1920இலும் 2008இலும் பயிற்சி அமைப்பு நீக்கப்பட்டதும், 1875, 1990, 2010, 2022 ஆகிய ஆண்டுகளில் அது விதிக்கப்பட்டதும் இதற்குச் சான்று.

2. பள்ளி சிலர்க்கு உரியதாக இருந்தவரை பயிற்சியின்மை மறைந்திருந்தது. அனைவர்க்கும் உரியதானபோது அதன் சுமையை வட்டார மொழி பேசிய ஏழை மாணவர்களே சுமந்தனர்.

3. பல்கலைக்கழகப் பேராசிரியர் மட்டும் பொறுப்பேற்ற பயிற்சி, இலக்கிய ஆய்வாகவே முடிந்தது. பள்ளி ஆசிரியரும் பங்கேற்ற பயிற்சியே கற்பித்தலைத் தொட்டது.

4. பயிற்சியின் கால அளவைவிட அதன் நிலைபேறு முதன்மையானது. ஓர் அமைப்பு தன் குறைகளைத் தானே திருத்திக்கொள்ளும் முன் கலைக்கப்பட்டால், ஒவ்வொரு தலைமுறை ஆசிரியரும் முதலிலிருந்தே தொடங்க நேர்கிறது.

இலக்கியப் புலமையும் மொழிக் கற்பித்தல் திறனும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இரண்டையும் ஒருவரிடம் சேர்ப்பதே பல்கலைக்கழகத்தின் கடமை என்பதை இத்தாலியின் பட்டறிவு உணர்த்துகிறது.