57 டெஸ்ட் ஆடி, 73 டெஸ்ட்டுக்கு அம்பயரா நின்ன வெங்கட்

கோபாலபுரத்துல இருந்து இன்னொரு எபிசோட். போன தடவை நிறைய பேர் "ஆடி முடிச்ச பிறகு ஒரு விளையாட்டு வீரர் என்ன பண்றாரு, அதைப் பத்திப் பேசுங்க"ன்னு கேட்டிருந்தீங்க. அதுக்கு ரொம்பத் தூரம் போக வேண்டியதில்ல. 50 டெஸ்ட்டுக்கு மேல ஆடி, 50 டெஸ்ட்டுக்கு மேல அம்பயரிங்கும் பண்ணவர் உலகத்துலயே ஒருத்தர்தான். அவர் நம்ம ஊர்க்காரர், எஸ். வெங்கட்ராகவன். எங்க அப்பா தலைமுறைக்கு அவர் ஆஃப் ஸ்பின்னர். அதுக்கடுத்த தலைமுறைக்கு டிவியில பார்த்த அம்பயர். எங்க வயசுல பல பேருக்குப் பேரே தெரியாது.

1945 ஏப்ரல் 21, மெட்ராஸ்ல பிறப்பு. படிச்சது கிண்டி இன்ஜினியரிங் காலேஜ். 19 வயசுலயே டெஸ்ட் கேப் வாங்கிட்டாரு. 1965 பிப்ரவரி, நியூசிலாந்துக்கு எதிரா, சொந்த ஊர்லயே. அப்போ டெஸ்ட் சேப்பாக்கத்துல இல்ல, கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துல, அதாவது இன்னிக்கு நேரு ஸ்டேடியம் இருக்கிற இடத்துல நடந்துச்சு. அதே தொடர்ல டெல்லி டெஸ்ட்ல முதல் இன்னிங்ஸ்ல 72 ரன்னுக்கு 8 விக்கெட், ரெண்டாவதுல 4. இந்தியா ஜெயிச்சுது. காலேஜ் படிக்கிற வயசுல ஒரே டெஸ்ட்ல 12 விக்கெட்!

இங்கதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்த இடம் ஏன் காலியா இருந்துச்சு? எரப்பள்ளி பிரசன்னா 1962-ல ரெண்டு டெஸ்ட் ஆடிட்டு, மைசூர்ல இன்ஜினியரிங் படிப்பை முடிக்கப் போயிட்டாரு. கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் டெஸ்ட் பக்கமே வரலை. ஒரு இன்ஜினியரிங் மாணவர் விட்டுட்டுப் போன இடத்துல இன்னொரு இன்ஜினியரிங் மாணவர் வந்து உட்கார்ந்தாரு. 1967 ஜனவரியில பிரசன்னா திரும்பி வந்தாரு. அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கும் மேல, பல சமயம் ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் இடம்.

பேடி, சந்திரசேகர், பிரசன்னா, வெங்கட்னு நாலு பேரையும் ஒரே மூச்சுல சொல்லுவோம். ஆனா நாலு பேரும் சேர்ந்து ஆடினது ஒரே ஒரு டெஸ்ட், 1967 பர்மிங்காம். மத்த நேரமெல்லாம் யாராவது ஒருத்தர் வெளிய இருந்தாரு. அந்த ஒருத்தர் அடிக்கடி வெங்கட்.

அது அநியாயமா? முழுசா அப்படிச் சொல்ல மாட்டேன். பிரசன்னா 49 டெஸ்ட்ல 189 விக்கெட், சராசரி 30. வெங்கட் 57 டெஸ்ட்ல 156, சராசரி 36. பந்தை மேல தூக்கிப் போட்டு பேட்ஸ்மேனை ஏமாத்துறதுல பிரசன்னா ஒரு படி மேலதான். வெங்கட் வேற ரகம். நேரா, கொஞ்சம் வேகமா, விடாம ஒரே இடத்துல போடுவாரு. கல்லி ஃபீல்டிங்கும் பேட்டிங்கும் கூடுதல் பலம். வெளிநாட்டுல அது உதவுச்சு. 1971 வெஸ்ட் இண்டீஸ் தொடர்ல வாடேகருக்கு வைஸ் கேப்டன். இந்தியப் பந்துவீச்சாளர்கள்ல அதிக விக்கெட் அவருக்குத்தான், 22. எல்லாரும் கவாஸ்கரோட 774 ரன்னை ஞாபகம் வெச்சிருக்கோம், இதை மறந்துட்டோம். அதே வருஷம் ஓவல்ல இங்கிலாந்தை 101-க்கு சுருட்டினப்போ, சோல்கர் பாய்ஞ்சு பிடிச்ச அந்த ஆலன் நாட் கேட்ச் இருக்கே, அது வெங்கட் போட்ட பந்து. அந்த இங்கிலாந்து தொடர்ல பிரசன்னாவுக்கு ஒரு டெஸ்ட் கூட கிடைக்கலை.

எனக்கு உறுத்தறது அவரை நடத்தின விதம். 1974 டிசம்பர், டெல்லி டெஸ்ட், எதிர்ல வெஸ்ட் இண்டீஸ். பட்டோடிக்குக் காயம், வெங்கட் கேப்டன். இந்தியா இன்னிங்ஸ் தோல்வி. அடுத்த டெஸ்ட் கல்கத்தா. அங்க அவர் பன்னிரண்டாவது ஆள்! ஐ.டி. ஆட்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ஒருத்தரை டீம் லீடா போட்டு, அடுத்த பிராஜெக்ட்லயே பெஞ்ச்ல உட்கார வைக்கிறது. அப்புறம் ஆறே மாசத்துல, 1975 முதல் உலகக் கோப்பைக்கு அவர்தான் கேப்டன். என்ன லாஜிக்னு யாராவது சொன்னா தேவலை.

1979-லயும் அவர்தான் உலகக் கோப்பைக் கேப்டன். மூணு மேட்ச்சும் தோல்வி, அப்போ டெஸ்ட் அந்தஸ்தே இல்லாத இலங்கைகிட்டயும். தொடர்ந்து நாலு டெஸ்ட். கடைசி டெஸ்ட் ஓவல்ல. இலக்கு 438, கவாஸ்கர் 221, இந்தியா 8 விக்கெட்டுக்கு 429. ஒன்பது ரன்ல போச்சு. 366-க்கு 2-ன்னு இருந்தப்போ விஸ்வநாத்தை நிறுத்திட்டு கபில் தேவை முன்னாடி அனுப்பினாங்க, அவர் பூஜ்யம். அந்த முடிவை இன்னிக்கும் திட்டுறவங்க இருக்காங்க. என் கணக்குல அது தப்பான சூதாட்டம், ஆனா ஜெயிக்க ஆசைப்பட்டவன் ஆடற சூதாட்டம். ஊருக்குத் திரும்புற விமானத்துல பைலட் மைக்ல அறிவிக்கிறாரு: இனிமே கேப்டன் கவாஸ்கர். பழைய கேப்டனும் அதே விமானத்துல உட்கார்ந்திருக்காரு.

அதுக்கப்புறமும் அவர் ஆடினாரு, அதே கவாஸ்கர் தலைமையில. கடைசி டெஸ்ட் 1983, ஜலந்தர்ல. ரஞ்சியில மட்டும் 530 விக்கெட்.

பத்து வருஷம் கழிச்சு, 1993 ஜனவரி, கல்கத்தா. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி பன்னிரண்டாவது ஆளா உட்கார வெச்ச அதே ஊர்ல, வெள்ளைக் கோட் போட்டு முதல் டெஸ்ட்டுக்கு அம்பயரா நிக்கறாரு.

அந்தக் காலத்துல அம்பயர் வேலை எப்படின்னா, நம்ம கோபாலபுரம் கிரவுண்டு மேட்ச் மாதிரி. பேட்டிங் டீம் ஆள்தான் அம்பயர், எல்.பி.டபிள்யூ கேட்டா "பேட்ல பட்டுச்சுடா"ம்பான். டெஸ்ட்லயும் ரெண்டு அம்பயரும் சொந்த நாட்டுக்காரங்கதான், சண்டையும் சந்தேகமும் தீரவே தீராது. 1994-ல தான் ஒருத்தர் வெளிநாட்டுக்காரரா இருக்கணும்னு ஐ.சி.சி. விதி கொண்டு வந்துச்சு. 2002-ல ரெண்டு பேருமே. அந்த வருஷம் உலகம் பூரா தேடி எட்டு பேரை எலைட் பேனலுக்கு எடுத்தாங்க. இந்தியாவுல இருந்து வெங்கட் ஒருத்தர்தான்.

டி.ஆர்.எஸ். கிடையாது. ரன் அவுட் மாதிரி சிலதுக்கு மட்டும் டிவி உதவி. மத்ததெல்லாம் ரெண்டு மூணு செகண்டுல கண்ணாலயும் காதாலயும். 1999 உலகக் கோப்பை அரையிறுதி, ஆஸ்திரேலியா–தென்னாப்பிரிக்கா, ரெண்டு டீமும் 213, குளூஸ்னர் ஓட டொனால்ட் நின்ன அந்த மேட்ச். களத்துல இருந்த அம்பயர்கள் டேவிட் ஷெப்பர்டும் வெங்கட்டும். அவ்வளவு குழப்பத்துல முடிஞ்ச ஆட்டம், ஆனா அம்பயரைப் பத்தி யாரும் பேசலை. அந்த வேலையில அதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் இல்லைன்னு நினைக்கிறேன்.

சுலபமா சிரிக்கற முகம் இல்ல. அப்பீல் பண்ணி கத்தறவங்களை அவர் பார்க்கிற பார்வைக்கே பாதி பேர் அடங்கிடுவாங்க. 2003-ல பத்மஸ்ரீ, 2004-ல ஓய்வு. மொத்தம் 73 டெஸ்ட், 52 ஒருநாள் ஆட்டம். அவருக்கு அப்புறம் எலைட் பேனலுக்கு இன்னொரு இந்தியர் போக 2015 வரைக்கும் ஆச்சு, எஸ். ரவி.

அடுத்த எபிசோட்ல, இதே தமிழ்நாடு டீம்ல ஆடின லெக் ஸ்பின்னர் வி.வி. குமார். முதல் டெஸ்ட்ல பாகிஸ்தானுக்கு எதிரா அஞ்சு விக்கெட். மொத்தம் ஆடினது ரெண்டே டெஸ்ட். சந்திப்போம்.