நாடு போனது, துப்பாக்கி நின்றது

1990 அக்டோபர் 2-ஆம் தேதி கிழக்கு ஜெர்மனியின் ராணுவம் கலைக்கப்பட்டது. மறுநாள் அந்த நாடே இல்லை. கிடங்குகளில் மட்டும் டாங்கிகள், பீரங்கிகள், எம்பிஐ-கேஎம் என்ற பெயரில் உள்நாட்டிலேயே செய்த கலாஷ்னிகோவ்கள் எல்லாம் குவிந்து கிடந்தன. ஒன்றுபட்ட ஜெர்மனியின் படைவீரர் கையில் இருந்ததோ ஜி3 துப்பாக்கி. அதன் தோட்டா வேறு. எனவே இந்தச் சரக்கை எப்படியாவது தள்ளிவிட வேண்டியிருந்தது.

பின்லாந்துக்கு அது தேவைப்பட்டது. அந்த நாட்டின் பலம் முகாமில் இருக்கும் படையில் இல்லை. பயிற்சி முடித்து வீடு திரும்பிய சாதாரண மக்களில் இருக்கிறது. போர் வந்தால் சுமார் ஐந்து லட்சம் பேரை அழைப்பது அன்றைய திட்டம். அத்தனை பேருக்கும் சொந்தத் தயாரிப்பான ஆர்கே 62 துப்பாக்கி போதவில்லை. சோவியத் வணிகம் அறுந்து, 1994-இல் வேலையின்மை 16 சதவீதத்தைத் தாண்டிய காலம் அது. 64 ஹார்னெட் போர் விமானங்கள் வாங்கவும் 1992-இலேயே முடிவாகியிருந்தது. ஆகவே ஜெர்மன் உபரியும், சீனத்தின் டைப் 56-உம் பெருந்தொகையில் வந்து இறங்கின.

ஆர்கே 62-உம் கலாஷ்னிகோவ் வழி வந்ததுதான். தோட்டாவும் அதே 7.62 x 39. ஆனாலும் பழகிய கைக்கு வித்தியாசம் தெரியும். ஆர்கே 62-இல் பின்குறி கண்ணுக்கு அருகே, மூடியின் பின்முனையில் இருக்கிறது. எம்பிஐ-கேஎம்மில் அது முன்னால் தள்ளி, குழாய்ப் பக்கம் இருக்கிறது. குறி பார்க்கும் தூரம் குறைவதால் துல்லியமும் சற்றுக் குறையும். விசைமாற்றியில் தொடர் சுடுதலுக்கு ‘டி’, ஒற்றைச் சுடுதலுக்கு ‘இ’ என ஜெர்மன் எழுத்துகள். பின்கட்டை சொரசொரப்பான பிளாஸ்டிக். இப்படிச் சில குறைகள் இருந்தாலும், வெறுங்கையோடு ஒருவரை எல்லைக்கு அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல். அந்தக் கொள்முதல் சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

உபரி ஆயுதம் எல்லா இடத்திலும் பின்லாந்தில் போல அடங்கிக் கிடப்பதில்லை. அதே கிடங்குகளின் ஆயுதங்கள் துருக்கிக்கும் போயின. அவை குர்து மக்கள் மீது பயன்படுத்தப்படுவதாகக் கண்டனம் எழுந்து, 1992-இல் ஜெர்மனி துருக்கிக்கான ஆயுத விநியோகத்தைச் சில காலம் நிறுத்த வேண்டியதாயிற்று.

கிழக்கு ஜெர்மனியின் டி-30 பீரங்கிகளும் பின்லாந்துக்கு வந்து, பிறகு எஸ்டோனியாவுக்குக் கைமாறின. 2022-இல் எஸ்டோனியா அவற்றை உக்ரைனுக்குத் தர விரும்பியபோது ஜெர்மனியின் ஒப்புதல் வேண்டியிருந்தது. ரஷ்யப் படை உள்ளே நுழைந்த பிறகு, பிப்ரவரி 26 அன்றுதான் அது கிடைத்தது. இரண்டு நாள் கழித்து, பின்லாந்தும் தன் கையிருப்பிலிருந்து 2,500 துப்பாக்கிகளையும் 1,50,000 தோட்டாக்களையும் உக்ரைனுக்கு அனுப்புவதாக அறிவித்தது.

அந்த ஒப்புதல் தாமதமானது வேதனைதான். ஆனாலும் முதலில் விற்ற நாட்டைக் கேட்காமல் ஆயுதம் கைமாறக் கூடாது என்ற நிபந்தனை தளரக் கூடாது. பீரங்கிக்கு உள்ள அதே கண்டிப்பு, ஆளுக்கு ஆள் எளிதில் கைமாறும் துப்பாக்கிக்கும் வேண்டும்.