நடுவில் ஒரு துபாஷி

தமிழில் அச்சேறிய முதல் புத்தகம்னா, 1578-ல் கொல்லத்தில் வந்த 'தம்பிரான் வணக்கம்' என்பார்கள். வெறும் 16 பக்கம். எனக்கென்னவோ 1580-ல் கொச்சியில் அச்சான 'கொம்பெசியொனாயரு' மேல்தான் ஈர்ப்பு. பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு அது.

வருஷத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம், பாஸ்கு காலத்தில் நற்கருணை என்பது 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கம் போட்ட சட்டம். அப்போ தவக்காலத்தில்தானே கூட்டம் சேரும்? முத்துக்குளித்துறைப் பரதவர் பேசியது தமிழ், வந்த சாமியார்கள் பேசியதோ போர்த்துக்கீசு. ஆரம்பத்தில் நடுவில் ஒரு துபாஷி! மூன்றாம் ஆள் காதில் விழும் என்று தெரிந்தால் யார்தான் மனம் திறந்து சொல்வார்கள்? ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் பாதிரியார் தமிழ் படித்து, துபாஷி இல்லாமலே கேட்க ஆரம்பித்தார். அடுத்து வருகிற சாமியார்களுக்கும் உதவும்படி இந்தக் கையேட்டையும் எழுதினார்.

தொலைந்துபோனதாக நினைத்த புத்தகம், ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் ஒரு பிரதி இருக்கிறது.