வேளை தவறாத விசாரிப்பு

2020 மார்ச் 24 நள்ளிரவு ஊரடங்கு வந்ததும் போடிமெட்டுப் பாதை அடைபட்டது. போடிநாயக்கனூரில் விடியுமுன் ஜீப்பேறி, முந்தல் வழியாகக் கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்த் திரும்புவோரின் பிழைப்பு நின்றது. தோட்டத்திலேயே தங்கி வேலை செய்தவர்கள் மேலேயும், அவர்களைப் பெற்றவர்கள் கீழேயுமாகப் பிரிந்தார்கள். முதியோரின் தனிமைக்கு வீடியோ காலும் இணையக் கூடுகையுமே மருந்து என்று அப்போது உலகெங்கும் பேசினார்கள். இந்த மலையடிவாரத்தின் பழைய கதையைப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. ஒருவர் வேளை தவறாமல் வந்து விசாரிக்கும் ஏற்பாடுதான் முதியவரைத் தாங்கியிருக்கிறது. கருவி அதற்கு அடுத்ததுதான்.

பாதை அறுபடுவது இங்கே புதிதில்லை. மலைமேல் டாப் ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக் கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலை இறங்கிய காலத்தில், 1924 பெருவெள்ளம் மூணாற்றின் சிறு ரயிலை அடித்துப்போனது. 1928-ல் வந்த மதுரை–போடி ரயில், அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்று, 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு வந்தது. 2011 டிசம்பரில் இரு மாநிலங்களுக்கிடையே முல்லைப்பெரியாறு அணை விவகாரம் மூண்டபோது இடுக்கித் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாகக் காட்டுவழியே இறங்கி ஓடிவந்தார்கள். ஆனால் கீழே இருந்த கிழவர், கிழவிகளுக்கு நெடுங்காலம் மாதந்தோறும் வந்த ஒன்று உண்டு. 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகை, ஓஏபி மணியார்டர். தபால்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார், கைநாட்டு வாங்குவார், பணத்தை எண்ணிக் கொடுப்பார். கூப்பிட்டும் பதில் வராவிட்டால் தெருவே எட்டிப் பார்க்கும். அதிலும் ஐந்து பத்து பிடித்துக்கொள்கிறார்கள் என்ற புகார் இருந்தது. ஆகவே பணம் வங்கிக்கு மாறியது நியாயம்தான். 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்த தொகை கணக்கில் ஏறுகிறது. ஆனால் வாசலில் கேட்ட அந்தக் குரலுக்கு மாற்றாக யாரையும் வைக்கவில்லை.

முகம் பார்த்தால்தானே மனசு ஆறும் என்று கேட்கலாம். பேரப்பிள்ளை முகம் பெரிய ஆறுதல்தான். ஆனால் வீட்டிலிருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் காலையிலேயே மகனோடு மலையேறிவிட்டால், பகல் முழுக்கத் தனியாயிருப்பவருக்கு வீடியோ கால் எப்படி வரும்? வீடியோ கால் தனிமையைக் குறைக்கிறதா என்று 2020-ல் தேடிய கோக்ரேன் ஆய்வுத் தொகுப்புக்குக் கிடைத்தவை மூன்றே சிறு சோதனைகள். மொத்தம் 201 பேர், எல்லோரும் தைவான் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை, சான்றும் உறுதியற்றது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஆஸ்டினில், வீட்டுக்கே உணவு கொண்டுவந்து தரும் சேவையைப் பெற்ற 240 பேரை எடுத்து, அவர்களில் பாதிப்பேரை 17 முதல் 23 வயது இளைஞர்கள் நான்கு வாரம் சாதாரண போனில் கூப்பிட்டுப் பேசினார்கள். அந்த இளைஞர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை. சற்றே பயிற்சி பெற்றவர்கள். அழைப்புப் பெற்றவர்களிடம் தனிமையும் சோர்வும் பதற்றமும் குறைந்தன. ஆஸ்டின் வேறு, போடி வேறு, இங்கே கூட்டுக்குடும்பம் என்பார்கள். குடும்பம் உண்டு, பகலில் அது தோட்டத்தில் இருக்கிறது.

வேளையும் ஆளும் முக்கியம் என்பதை இந்த ஊர் வணிகமே அறிந்திருக்கிறது. 2007 முதல் ஏலக்காய் மின்-ஏலத்தில் விற்கிறது. ஆனாலும் வியாபாரிகள் குறித்த நேரத்தில் ஒரே கூடத்தில் வந்து உட்கார்ந்துதான் கணினியில் விலை கேட்டார்கள். கணினி வந்தும் வேளையையும் ஆளையும் அவர்கள் விடவில்லை. முதியோருக்கு 2021 முதல் 14567 என்ற எல்டர் லைன் உதவி எண் தமிழ்நாட்டில் இருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் முதியவரோ அவருக்காக வேறொருவரோ கூப்பிட வேண்டும். மனம் ஒடிந்து உட்கார்ந்தவர் எண்ணைத் தேடி அழுத்துவது அரிது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வாசலுக்கே வருகிறார்கள். ஒரு வருகைக்கும் அடுத்ததற்கும் நடுவே, வாரம் இரண்டு தடவை அதே பெண் பட்டன் போனுக்குக் கூப்பிட்டுப் பேசினால் போதும். அந்தப் பேச்சையும் வேலையாகக் கணக்கிட்டு அவருக்குக் கூலி கொடுக்கும் ஏற்பாட்டைப் போடி ஒன்றியத்திலிருந்தே தொடங்கலாம்.