பம்பாயில் பெற்றோர் திறந்த வாயில்கள்

நடை தாமதமாகும் குழந்தையோ, பேச்சு வாராத குழந்தையோ ஒரு வீட்டில் வளருமாயின், "யாரிடம் செல்வது?" என்பதே பெற்றோர் உள்ளத்தில் எழும் முதற் கேள்வி. தாய்நாட்டு உறவினரை விட்டு மும்பையில் வாழும் நமக்கு இக்கேள்வி இன்னும் கடியது. இதற்கு இம்மாநகரம் நூற்று நாற்பது ஆண்டுகளாக அளித்துவந்துள்ள விடைகளின் வரலாற்றை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

முதல் விடையை அளித்தவர்கள் கிறிஸ்தவ சமயத் தொண்டர்கள். 1880களில் கத்தோலிக்க ஆயர் லியோ மியூரின் முயற்சியால், செவிகேளாத குழந்தைகளுக்கான பள்ளி பம்பாயில் தோன்றியது. இந்தியாவில் இவ்வகைப் பள்ளிகளுள் அதுவே முதலாவது. 1900இல் அன்னா மில்லார்டு என்னும் அமெரிக்க மாது பார்வையற்றோர் பள்ளி ஒன்றை நிறுவினார். தாதர் பார்வையற்றோர் பள்ளி எனப்படுவது அதுவே. ஏறத்தாழ அதே காலத்தில் பாளையங்கோட்டையிலும் பார்வையற்றோர்க்கும் செவிகேளாதோர்க்கும் பள்ளிகள் எழுந்தன. தாராவித் தமிழருள் பலர் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களாதலின், பாளையங்கோட்டைப் பள்ளிகளின் பெயரை நம் முன்னோர் கேட்டிருத்தல் கூடும்.

இரண்டாவது விடை பெற்றோரிடமிருந்தே வந்தது. அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய தம் மகளுக்குத் தக்க பள்ளி கிடைக்காமையால், ஜாலூ வகீல், ஹோர்மஸ்ஜி வகீல் என்னும் பார்சித் தம்பதியர் 1944இல் தம் இல்லத்திலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினர். சிவ்ரியில் உள்ள ஜெய் வகீல் பள்ளியின் தொடக்கம் இதுவே.

விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்ட பாத்திமா இஸ்மாயிலின் மகளை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. தாய் மருத்துவம் தேடி அலைந்து, சென்னையில் எலும்பு மருத்துவர் எம். ஜி. கினியை நாடினார். தாம் கற்றதைத் தம் மகளோடு நிறுத்திக்கொள்ள அவர் விரும்பவில்லை. 1947இல் பம்பாயில் இளம்பிள்ளைவாதக் குழந்தைகளுக்கான மறுவாழ்வு நிலையத்தை ஏற்படுத்தினார். பின்னர் ஹாஜி அலியில் குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவமனை எழுந்தது இப்பணியின் தொடர்ச்சியே.

மூளை முடக்குவாதத்துடன் பிறந்த மகளுக்காக இங்கிலாந்தில் தனிக்கல்வி பயின்று திரும்பிய மிது ஆலூர், 1972இல் கொலாபாவில் ஒரு பள்ளியைத் திறந்தார். அதனை நடத்திய சங்கம் பின்னாளில் 'அடாப்ட்' எனப் பெயர் மாறியது. தனிப்பள்ளியோடு நில்லாமல் அச்சங்கம் தாராவிக்கும் தன் பணியைக் கொண்டுசென்றது. அங்குள்ள பால்வாடிகளில் உடற்குறையுள்ள குழந்தைகளை ஏனைய குழந்தைகளோடு ஒன்றாக அமரச்செய்து கற்பிக்கவும் முயன்றது. வளர்ந்த பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி தரும் நிலையத்தைச் செம்பூரில் அமைத்தது.

மூன்றாவது விடை அரசினுடையது. ஐக்கிய நாடுகள் சபையின் துணையுடன் 1955இல் ஹாஜி அலியில் உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் தொடங்கியது. 1975இல் நாட்டின் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஏற்பட்டபோது, அவற்றுள் தாராவியும் ஒன்றாக இருந்தது. பேச்சு, செவிப்புலன் ஆகியவற்றுக்கான அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 1983இல் பாந்திராவில் அமைந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டமும், கருணையாகக் கருதப்பட்டதை உரிமையாக ஆக்கின. நாற்பது விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட உடற்குறை எனச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அருகிலுள்ள பள்ளியையோ தனிப்பள்ளியையோ பெற்றோர் தெரிந்துகொள்ளலாம். 'எமக்குப் பின் இப்பிள்ளைக்கு யார்?' என்னும் கவலைக்கும் ஒரு வழி உண்டு. மனஇறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பல்வகைக் குறை ஆகிய நான்குக்கும் 1999இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம், சட்டப்படியான காப்பாளரை நியமிக்க வகை செய்கிறது. அவ்வறக்கட்டளையின் 'நிராமயா' திட்டம் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பு அளிக்கிறது.

இத்தனை வாயில்கள் திறந்திருந்தும் நம்மவர் சிலர் உள்ளே செல்லத் தயங்குகின்றனர். வெட்கம் ஒரு காரணம், மொழி மற்றொன்று. படிவம் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. மருத்துவர் இந்தியில் வினவுகிறார். வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் கேட்பதால் குழந்தையின் பேச்சு கெடும் என்று அஞ்சித் தமிழைக் கைவிடும் தாய்மாரும் உளர். இவ்வச்சத்துக்கு ஆதாரம் இல்லையென ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. பேச்சுக் குறையுள்ள குழந்தையும் தாய் மனமுவந்து பேசும் மொழியிலேயே நன்கு பயில்கிறது. ஆகவே, தாய்மொழியை நிறுத்துமாறு எவரேனும் கூறினால், அதன் காரணத்தை நாம் தயங்காது கேட்கவேண்டும்.

ஐயம் தோன்றிய அன்றே குழந்தையை மருத்துவரிடம் காட்டுதல் நலம். தாராவிக்கும் மாதுங்காவுக்கும் அருகிலேயே சயான் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. அதன் குழந்தை மருத்துவப் பிரிவிலிருந்து தொடங்கலாம். அடுத்து, உடற்குறைச் சான்றும் தனி அடையாள அட்டையும் பெறவேண்டும். அவ்வட்டை இந்தியா முழுவதும் செல்லுபடியாவதால், ஊர் திரும்பினாலும் பயன்படும். மாநில அரசுகளின் உதவித்தொகை விதிகள் மட்டும் இடத்துக்கு இடம் வேறுபடும்.

வகீல் தம்பதியரும் பாத்திமா இஸ்மாயிலும் மிது ஆலூரும் ஒரு நிறுவனத்தையே எழுப்ப வேண்டியிருந்தது. நமக்கு அத்துணைப் பெருஞ்சுமை இல்லை. மராத்தி அறிந்த ஒருவர் அறியாத அண்டை வீட்டாருடன் மருத்துவமனைக்குச் சென்று, வினாவைத் தமிழிலும் விடையை மராத்தியிலும் எடுத்துரைத்தால் போதும். நம் தமிழ்ச் சங்கங்கள் மாதத்தில் ஒரு நாளை இக்குடும்பங்கள் கூடிப் பேசுவதற்கென ஒதுக்கலாம். ஒரு வீட்டார் கண்டறிந்த வழி அங்கே மற்றொரு வீட்டாருக்குத் தெரியவரும்.