ஃபார்ன் தீவுகள்

ஃபார்ன் தீவுகள் இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்தம்பர்லாந்து கடற்கரைக்கு அப்பால் வட கடலில் அமைந்துள்ள சிறு தீவுகளின் கூட்டமாகும். கடலின் ஏற்றவற்றத்தைப் பொறுத்துத் தீவுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 15 முதல் 20 வரை மாறுபடும். இங்கு நிலையான குடிமக்கள் எவரும் இல்லை. ஆண்டின் ஒரு பகுதியில் காப்பாளர்கள் மட்டும் தங்குகின்றனர். 1925 முதல் இத்தீவுகள் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உடைமையாக உள்ளன.

வரலாறு

ஏழாம் நூற்றாண்டில் கிறித்தவத் துறவி கத்பர்ட் இன்னர் ஃபார்ன் தீவில் தனித்து வாழ்ந்து, 687 இல் அங்கேயே இறந்தார். அவர் ஐடர் வாத்துகளைக் காத்தார் என்பது மரபு. எனவே அவ்வாத்து 'கத்பர்ட்டின் வாத்து' எனவும் அழைக்கப்படுகிறது. 1838 செப்டம்பர் 7 அன்று ஃபார்ஃபர்ஷயர் என்ற நீராவிக் கப்பல் இங்குள்ள பாறையில் மோதி உடைந்தது. லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கக் காப்பாளரின் மகள் கிரேஸ் டார்லிங், தந்தையுடன் துடுப்புப் படகில் சென்று, உயிர்தப்பியோரை மீட்க உதவினார்.

பறவைகள்

பஃபின், கில்லிமாட், கிட்டிவேக், ஆர்க்டிக் ஆலா முதலியன இங்கு இனப்பெருக்கம் செய்கின்றன. 2024 இல் நடந்த கணக்கெடுப்பில் சுமார் 50,000 பஃபின் இணைகள் பதிவாயின. 1982 கோடையில் இங்கு வளையமிடப்பட்ட, பறக்கத் தொடங்காத ஆலாக் குஞ்சு ஒன்று, அதே ஆண்டு அக்டோபரில் ஆசுத்திரேலியாவின் மெல்பேர்ண் நகரை அடைந்திருந்தது. மற்றொரு ஆலா 2015 ஜூலையில் புறப்பட்டு, அண்டார்க்டிக்காவின் வெடல் கடல் வரை சென்று, 2016 மே மாதம் திரும்பியது. அது பறந்த தொலைவு சுமார் 96,000 கி.மீ. ஆகும்.

படகுப் பயணம்

சீஹவுசஸ் துறைமுகத்திலிருந்து படகுகள் புறப்படுகின்றன. கடல் கொந்தளிப்பாக இருந்தால் பயணம் நிறுத்தப்படும். பஃபின்களை ஏப்ரல் முதல் ஜூலை இறுதி வரை காணலாம். அவை மண்ணில் வளை தோண்டி முட்டையிடுவதால், பாதையை விட்டு விலகி நடப்பவரின் காலடியில் வளைகள் இடிந்துவிடக்கூடும். ஆகவே மரப்பலகைப் பாதையிலேயே நடக்க வேண்டும். ஆர்க்டிக் ஆலாக்கள் கூட்டருகே வருவோரின் தலையில் கொத்துவதால் தொப்பி அணிவது அவசியம். இன்னர் ஃபார்னில் நாய்களுக்கு அனுமதி இல்லை.

பறவைக் காய்ச்சல்

2022 இல் பறவைக் காய்ச்சல் இத்தீவுகளில் பரவியது. அவ்வாண்டில் காப்பாளர்கள் 6,000-க்கும் மேற்பட்ட இறந்த பறவைகளை அகற்றினர். ஜூலை மாதத்திலிருந்து பயணிகள் தீவில் இறங்குவது நிறுத்தப்பட்டது. படகிலிருந்தபடி பார்ப்பது மட்டுமே இயன்றது. 2024 மார்ச்சில் இன்னர் ஃபார்ன் மீண்டும் திறக்கப்பட்டது. கடற்பறவைகள் பல, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முட்டைகளே இடுகின்றன. ஆதலால் இத்தகைய இழப்பை ஈடுசெய்ய அவற்றுக்குப் பல ஆண்டுகள் தேவைப்படும்.